மேற்கிலிருந்து கிழக்காக

வசந்தி கண்ணு,

நீ தமிழை இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். டெல்லியில் பிறந்த பிள்ளை. இந்தியில் ஓடுகிற உன் கண் தமிழில் மெல்ல நடக்கும். தெரிந்தேதான் தமிழில் எழுதுகிறேன். வேகமாகப் பார்த்துவிட்டு மடித்து வைக்க முடியாது. ஒவ்வொரு வரியிலும் கொஞ்ச நேரம் என்னோடு உட்கார்ந்தாக வேண்டும். நேரிலேயே சொல்லியிருக்கலாம். நீ கிளம்பிய வாரம் முழுவதும் சொல்லத்தான் நினைத்தேன். நீயோ ஸ்லீப்பிங் பேக்கைச் சுருட்டிக்கொண்டும், வராந்தாவில் கயிறுகளைக் காயப்போட்டுக்கொண்டும், "அம்மா, ஜல்தி, ஊசி நூலு எங்க வச்ச?" என்று கேட்டுக்கொண்டும் இருந்தாய். நானும் பருப்புப் பொடி அரைப்பதிலும் ஊறுகாய் பாட்டிலுக்குப் பொருந்துகிற மூடி தேடுவதிலும் அந்த வாரத்தைப் போக்கிவிட்டேன். கஷ்மீரி கேட் பஸ் ஸ்டாண்டில் உன் பஸ் நகர்ந்தபோது "ஸ்வெட்டரப் போட்டுக்க" என்றுதான் என் வாயில் வந்தது. உத்தரகாசியில் பெண்களுக்கு மலையேறக் கற்றுக்கொடுக்கப் போகிறவளுக்கு அம்மா சொல்லி அனுப்பிய புத்தி அவ்வளவுதான். மீதியை இதில் எழுதுகிறேன்.

உனக்கு இந்த மலைப் பைத்தியம் பிடித்ததற்கு நான்தான் காரணம் என்று உன் அப்பா இன்றைக்கும் சொல்கிறார். மோதி பாக் பள்ளியில் சின்ன வகுப்புகளுக்கு நான் பூகோளம் எடுத்தபோது நீயும் என் முன்னால் உட்கார்ந்திருந்தாய். சுவரில் தொங்கிய படத்தில் குச்சியை வைத்து மேற்கிலிருந்து கிழக்காக இழுப்பேன். பந்தர்பூஞ்ச், கேதார்நாத், சௌகம்பா, நீலகண்டம், காமெட், திரிசூல், துரோணகிரி, நந்தாதேவி, பஞ்சசூலி என்று பிள்ளைகள் வாய்ப்பாடு ராகத்தில் ஒப்பிப்பார்கள். இமயமலையை ஒரே சுவராக நினைத்துக்கொள்ளாதீர்கள், அது மூன்று படிக்கட்டு என்பேன். முதல் படி சிவாலிக், மண்ணும் கூழாங்கல்லுமான குட்டைக் குன்றுகள். இரண்டாவது சிற்றிமயம், ஜனங்கள் வீடு கட்டிப் படிப்படியாக வயல் செதுக்கி வாழ்கிற மலைகள். மூன்றாவது பேரிமயம், பனி உருகாத இடம். யமுனை, பாகீரதி, அலக்நந்தா, பிண்டர் எல்லாம் இந்தப் படிகளை அறுத்துக்கொண்டு இறங்குவதால்தான் சிகரங்கள் கூட்டம் கூட்டமாகப் பிரிந்து நிற்கின்றன என்று படத்தில் நீலக் கோடுகளைக் காட்டுவேன். ஒரு நாள் நீ கையைத் தூக்கி, "டீச்சர், அது மேல போனா அப்புறம் என்ன இருக்கும்?" என்று கேட்டாய். மணி அடிக்கிற நேரம். "போனாத்தானே தெரியும்" என்று சொல்லிக் குச்சியை மூலையில் வைத்தேன். நீ அதை அப்படியே எடுத்துக்கொள்வாய் என்று எனக்கு எப்படித் தெரியும்?

கல்லூரியில் சேர்ந்ததும் ஞாயிற்றுக்கிழமைகளில் முனிர்காவுக்குப் பக்கத்துப் பாறைகளில் ஏறப் பழகினாய். ரேணு உனக்கு அங்கேதான் கிடைத்தாள். ராஜோரி கார்டனிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். நம் வீட்டுக்கு வந்தால் நேராகச் சமையலறைக்குள் போய்த் தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொள்வாள். "ஆன்ட்டி, ஏக் அவுர்" என்று அவள் இன்னொன்று கேட்க, நான் வார்க்க, மாவுச் சட்டி காலியாகும். பெண்கள் மட்டும் போகிற குழுவில் உங்கள் இரண்டு பேரையும் தேர்ந்தெடுத்தார்கள் என்று நீ வந்து சொன்ன அன்றைக்கு அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "எந்த மல?" என்று மட்டும் கேட்டார். "பாகீரதி ரெண்டாவது சிகரங்கப்பா. கங்கோத்ரிக்கு மேல." அவர் எழுந்து போய் என் பள்ளிப் படத்தைத் தரையில் விரித்தார். அந்தப் படத்தில் பாகீரதி சிகரங்கள் இல்லை. அவ்வளவு சின்னப் படம் அது. கங்கோத்ரி என்ற எழுத்துக்கு மேலே விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

நீங்கள் போய்ச் சில வாரம் கழித்து, செப்டம்பர் கடைசியில், அந்தத் தந்தி வந்தது. குழுவில் ஒருவருக்குக் கடுமையான உடல்நலக் குறைவு, கீழே கொண்டுவருகிறோம் என்று இருந்தது. பெயர் இல்லை. எல்லா வீட்டுக்கும் ஒரே வாசகத்தை அனுப்பியிருக்கிறார்கள். அனுப்பியவருக்கு அங்கே என்ன அவசரமோ, அவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு டெல்லியில் தந்தி போன ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தாய் அது தன் மகள்தான் என்று எடுத்துக்கொண்டாள். அப்பா ஆபீஸிலிருந்து வந்து தந்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம்கூடப் பார்த்தார். பிறகு, "கெளம்பு புள்ள" என்றார். அவருக்கு ரத்த அழுத்தம், மாத்திரை சாப்பிடுகிறவர். வேண்டாங்க, நான் மட்டும் போகிறேன் என்றேன். "இங்க உக்காந்திருந்தா மட்டும் அது எறங்கிருமா?" என்றார். அவருடைய மங்கி கேப்பையும் என் கான்வாஸ் ஷூவையும் எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.

ரிஷிகேஷைத் தாண்டி பஸ் ஏறத் தொடங்கியதும், என் படிக்கட்டு வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. இத்தனை வருஷம் பாடம் எடுத்தவள் முதல்முறையாக அந்தப் பாடத்துக்குள் போகிறேன். வேறு நாளாக இருந்தால் ஜன்னலை விட்டு நகர்ந்திருக்க மாட்டேன். அன்றைக்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். சம்பா என்ற ஊரில் டீக்கு நிறுத்தினார்கள். இறங்கித் திரும்பினால் வடக்கு முழுவதும் வெள்ளை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, வெயிலில், எவ்வளவு சிகரங்கள் என்று எண்ண முடியாமல். அப்பா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: "ஏம்புள்ள, இத்தன வருசமாச் சொல்லிக் குடுக்கறயே. இதுல நம்ம புள்ள எதுல இருக்கறா?"

"தெரியலீங்க" என்றேன். உண்மையாகவே தெரியவில்லை. படத்தில் நாம் மேலேயிருந்து பார்க்கிறோம். அங்கே மலையின் காலடியில் நிற்கிறோம். கிட்டத்தில் இருக்கிற சின்னது உயரமாக நிற்கிறது. தூரத்தில் இருக்கிற பெரியது அதன் தோளுக்குப் பின்னால் குட்டையாகத் தெரிகிறது. சௌகம்பா எது, கேதார்நாத் எது, ஒன்றையும் என்னால் பிரிக்க முடியவில்லை. புல்லுக்கட்டை இறக்கி வைத்துவிட்டு கட்வால் மலைக்காரப் பெண் ஒருத்தி அங்கே உட்கார்ந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். அவளிடம் இந்தியில் கேட்டேன். அவளும் எங்களோடு சேர்ந்து வடக்கே பார்த்தாள். "பரஃப் ஹை, பஹன்ஜி" என்றாள். பனி, வேறு என்ன. "அந்தப் பக்கம் கேதார், இந்தப் பக்கம் கங்கோத்ரி. நடுவில் இருப்பதற்கெல்லாம் பெயர் சொல்லிக்கொண்டு யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?" என்று சிரித்தாள். மேலே என் மகள் இருக்கிறாள், உடம்பு சரியில்லாதது அவள்தானா என்று தெரியவில்லை என்றேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு இடுப்பு முடிச்சை அவிழ்த்து ஒரு பிடி வால்நட்டை என் கையில் திணித்தாள். ஹாரன் அடித்துவிட்டது. அவள் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

உத்தரகாசியில் விசாரித்தோம். குழு இன்னும் மேலேதான் இருக்கிறது, யாருக்கு என்னவென்று தெரியாது என்றார்கள். மறுநாள் ஹர்சில் வழியாகப் போனோம். அப்போது பள்ளத்தாக்குக்குக் குறுக்கே பாலம் கட்டியிருக்கவில்லை. லங்கா என்கிற இடத்தில் பஸ் நின்றுவிடும். அங்கே கீழே ஆறு வரை இறங்கி, எதிர்ச்சரிவில் ஏறி, அந்தக் கரையில் ஜீப் பிடிக்க வேண்டும். "மகளத் தேடி லங்கைக்கே வந்துட்டோம் பாரு" என்றார் அப்பா. அந்த வழி முழுவதும் அவர் பேசிய வேடிக்கை அது ஒன்றுதான். ஏற்றத்தில் நாலடிக்கு ஒருமுறை நின்று, "நீ போ, நான் வாரேன்" என்பார். நானும் நின்றுகொள்வேன்.

கங்கோத்ரியிலிருந்து கோமுகத்துக்குப் போகும் நடைபாதையில் ஒரு திருப்பத்தில் மூன்று சிகரங்கள் எதிரே வந்து நின்றன. கீழே பைன் மரங்கள், இடது கைப்பக்கம் மொட்டைப் பாறை, வலது கைப்பக்கம் கீழே ஆற்றின் இரைச்சல், எதிரே அந்த மூன்றும். இவை பாகீரதி சகோதரிகள் என்று எதிரே வந்த யாத்ரீகர் ஒருவர், கேட்காமலே கை காட்டிச் சொல்லிவிட்டுப் போனார். அழகாக இருந்தன என்று இப்போது எழுத முடிகிறது. அப்போது எனக்கு அவற்றின் மேல் கோபம்தான் வந்தது.

சீர்பாசாவுக்குக் கொஞ்சம் முன்னால் எதிரே கூடை வருவது தெரிந்தது. முதுகில் ஆளைத் தூக்கிவருகிற மூங்கில் கூடை. அதில் ஸ்லீப்பிங் பேக்கில் சுற்றிய ஒரு பெண், தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. நான் ஓடினேன். அந்த உயரத்தில் ஓடக்கூடாது என்று நீ பிற்பாடு திட்டினாய். தொப்பியை விலக்கிப் பார்த்தால் ரேணு. கண்ணை மூடியிருந்தாள், மூச்சு இருந்தது. என் மகள் இல்லை என்று நெஞ்சு லேசானது. மறு நொடியே, நான் தோசை வார்த்துப் போட்ட பிள்ளையாயிற்றே என்று அடித்துக்கொண்டது. இரண்டும் எனக்குள் ஒன்றாக இருந்தன வசந்தி. இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. கூடைக்குப் பின்னால் கரிந்த முகமும் வெடித்த உதடுமாக யாரோ வந்தார்கள். நான் அந்த ஆளைத் தாண்டி உன்னைத் தேடிப் பாதையில் பார்த்தேன். "அம்மா" என்று பக்கத்திலிருந்து குரல் வந்தது. குரலை வைத்துத்தான் உன்னைத் தெரிந்துகொண்டேன்.

அப்பா மெதுவாக வந்து சேர்ந்தார். உன் தலையில் கை வைத்தார். என்ன கேட்பது என்று தெரியாமல், "உச்சிக்குப் போனயா கண்ணு?" என்றார்.

"இல்லீங்கப்பா. இன்னும் கொஞ்சந்தான் இருந்துச்சு. திரும்பீட்டேன்."

"செரி. வா, எதாச்சும் சாப்புடலாம்" என்று உன் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். அந்தப் பையின் கனத்தில் அவர் தள்ளாடியதும், நீ வாங்கப் போனதும், அவர் கொடுக்க மறுத்ததும் எனக்கு நேற்றுப் போல இருக்கிறது.

என்ன நடந்தது என்பதை நீ கங்கோத்ரியில், கம்பளிக்குள் சுருண்டு படுத்துக்கொண்டு, பாதி இந்தியில் சொன்னாய். கடைசி முகாமிலிருந்து நாலு பெண்களும் உதவிக்கு ஒரு நேபாளக்காரரும் கிளம்பியிருக்கிறீர்கள். உச்சி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் ரேணு வாந்தி எடுத்தாள். பிறகு தன் பள்ளிக்கூடப் பை எங்கே என்று கேட்டாள். பஸ் வந்துவிடும் என்றாள். மற்ற இரண்டு பேர், கொஞ்சம் உட்கார வைப்போம், போய்த் தொட்டுவிட்டு வந்து கூட்டிப் போகலாம் என்றார்கள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எத்தனையோ மாதத் தயாரிப்பு கண்ணெதிரே இருக்கிறது. நீயும் உச்சியைப் பார்த்தாய். பிறகு ரேணுவின் பை பற்றிய பேச்சைக் கேட்டாய். நேபாளக்காரரிடம் "சலோ" என்று சொல்லிவிட்டு, அவளை உன் கயிற்றில் கட்டிக்கொண்டு கீழ் முகாம் வரை இறங்கினாய்; தூக்கிப்போகிறவர்கள் வந்து சேர அங்கே சில நாள் ஆனது. உத்தரகாசி ஆஸ்பத்திரியில் டாக்டர் உன்னிடம் சொல்லவில்லை, அப்பாவிடம் சொன்னார். மூளையில் நீர் கோத்துவிட்டது, இன்னும் கொஞ்ச நேரம் மேலே உட்கார வைத்திருந்தால் இந்தப் பெண் இருந்திருக்க மாட்டாள் என்று. அப்பா ஆஸ்பத்திரி வாசல் படியில் உட்கார்ந்து அழுதார். நான் பார்த்துவிட்டேன் என்று அவருக்குத் தெரியாது. அவர் இதைப் படித்துக் காட்டச் சொன்னால் இந்த இடத்தைத் தாண்டிவிடு.

அந்தக் குளிர்காலத்தில் டெல்லியில் பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். உச்சியைத் தொட்ட இரண்டு பேரையும் மேடைக்கு அழைத்து மாலை போட்டார்கள். நீ எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து கை தட்டினாய். நன்றாகத்தான் தட்டினாய். கூட்டம் முடிந்து எல்லோரும் டீக்கு நகர்ந்தபோது ஒரு பஞ்சாபி அம்மாள் நாற்காலிகளை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தார். "வசந்தி கௌன் ஹை?" என்று உன்னைத் தேடினார். நீ எழுந்ததும் உன் இரண்டு கையையும் எடுத்துத் தன் கண்களில் வைத்துக்கொண்டார். ரேணுவின் அம்மா; அதுவரை உன் பெயரை மட்டும் கேள்விப்பட்டிருந்தவர். "பேட்டி, உஸ்கோ தூ லாயி ஹை" என்றார். அவளை நீ கொண்டு வந்தாய் என்று.

ஆனால் உனக்கு அது ஆறுதலாக இல்லை. நான் கவனித்தேன். அலமாரிக் கதவில் ஒட்டியிருந்த மலைப்படத்தைக் கிழித்தாய். வங்கி வேலைக்குப் பரீட்சை எழுதினாய், வேலையும் கிடைத்தது. உன்னைப் பெண் பார்க்க வந்தவர்களில் ஒருவர், "எந்தச் சிகரம் ஏறியிருக்கீங்க?" என்று சாதாரணமாகக் கேட்டார். "எதுவும் இல்ல" என்றாய். மலை எங்கேயும் போய்விடாது, மறுபடி ஏறலாம் என்று வந்தவர் போனவர் எல்லாம் சொன்னார்கள். அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் உன் முகம் சுருங்கும். நல்லதுதானே செய்தாய், அப்புறம் எதற்கு இந்தத் துக்கம் என்று நானும் யோசித்தேன். நல்லது செய்ததாலேயே கைவிட்டுப் போனதற்கு வருத்தப்படக்கூடாது என்று யாரும் சொல்ல முடியாது என்று பிறகு புரிந்தது. நாளைக்கு உன்னிடம் படிக்கிற பெண் ஒருத்தி பாதியில் திரும்ப நேர்ந்தால், அவளுக்குச் சமாதானம் சொல்ல அவசரப்படாதே. சில நாள் அழட்டும். சாப்பிட்டாளா என்று மட்டும் பார்த்துக்கொள்.

மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிறு ரேணு வந்தாள். இளைத்திருந்தாள். நடையில் இன்னும் கொஞ்சம் தடுமாற்றம். உட்காரக்கூட இல்லை, முனிர்காப் பாறைக்குப் போகலாம், ஆன்ட்டியும் வரட்டும் என்றாள். நீ மாட்டேன் என்றாய். அவள் உன் கட்டிலுக்கு அடியில் குனிந்து கயிற்றை இழுத்து எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள். மூன்று பேரும் போனோம். நான் பிளாஸ்கில் டீயோடு ஒரு கல்லில் உட்கார்ந்தேன். இந்தப் பாறைகள் ஆரவல்லியின் கடைசி நுனி, இமயமலைக்கு எவ்வளவோ மூத்தவை, ஒரு காலத்தில் இவையும் பெரிய மலைகளாக நின்று தேய்ந்து போனவை என்று வாயில் பாடம் வந்தது. அடக்கிக்கொண்டேன். ரேணு ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்த ஒரு பாறையைக் காட்டினாள். கயிற்றைப் பாறையின் தலைமேல் சுற்றிப் போட்டு, ஒரு முனையை இடுப்பில் முடிச்சுப் போட்டுக்கொண்டு மறுமுனையைப் பிடிக்கச் சொல்லி உன்னிடம் நீட்டினாள்.

"பக்கட், வசந்தி."

"இன்னும் உனக்கு பேலன்ஸ் வரல ரேணு" என்று நீ இந்தியில் சொன்னாய்.

"அதனாலதான் உன்னப் பிடிக்கச் சொல்றேன்" என்றாள்.

நீ கயிற்றை வாங்கினாய். அவள் ஏறினாள், வழுக்கினாள், கயிற்றில் தொங்கினாள், திட்டினாள், மறுபடி ஏறினாள். நீ கீழேயிருந்து "இடது கால, இடது கால" என்று சொல்ல ஆரம்பித்தாய். முதலில் மெதுவாக, பிறகு சத்தமாக. அந்தக் குழியில் விரலை வை, உடம்பைப் பாறைக்குக் கிட்டே கொண்டு வா, பயப்படாதே, நான் பிடித்திருக்கிறேன். அவ்வளவு மாதம் வீட்டில் சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேசாத பெண். ரேணு மேலே போய் உட்கார்ந்து காலை ஆட்டினாள். நீ தரையில் நின்றபடி கயிற்றை விடாமல் சிரித்தாய். நான் டீயை மறந்துவிட்டேன். நீ ஏறுகிறவள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கற்றுக்கொடுக்கப் பிறந்தவள் என்று அன்றைக்குத் தெரிந்தது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, என் தொழில்தானே.

அதற்குப் பிறகு நீ லீவு போட்டுவிட்டுப் பயிற்சிகளுக்குப் போனதும், வங்கி வேலையை விட்டதும், அப்பா ஒரு மாதம் முகம் கொடுக்காமல் இருந்ததும் உனக்கே தெரியும். அவர் கோபம் வேலையைப் பற்றியதில்லை கண்ணு. மறுபடி ஒரு தந்தியை வாங்க அவர் உடம்பில் தெம்பில்லை, அதுதான். ஆகையால் உனக்கு நான் சொல்கிற முக்கியமான புத்தி இது. உன் பொறுப்பில் இருக்கிற பெண்களுக்கு ஏதாவது ஆனால், வீட்டுக்குச் செய்தி அனுப்பும்போது பெயரை முதலில் எழுது. நன்றாக இருக்கிறவர்கள் வீட்டுக்கும் பெயர் போட்டுத் தனியாக அனுப்பு. இதற்கு ஒரு வரி கூடுதலாகும், ஆகட்டும். அப்புறம், உன்னிடம் வருகிற பெண்களுக்குச் சிகரங்களின் உயரத்தை மனப்பாடம் செய்ய வைக்காதே. நான் அதைச் செய்து ஒன்றும் பிரயோஜனமில்லை. முதல் நாள் அவர்களைச் சும்மா உட்கார வைத்து எது எதற்குப் பின்னால் இருக்கிறது என்று பார்க்கச் சொல். நான் என் வகுப்பில் இப்போது களிமண்ணில் மலை செய்யச் சொல்கிறேன். பிள்ளைகள் மேஜை முழுவதும் அழுக்குப் பண்ணுகிறார்கள். தலைமையாசிரியைக்குப் பிடிக்கவில்லை. நான் நிறுத்தவில்லை.

கல்யாணத்தைப் பற்றி இதில் எழுதக்கூடாது என்று இருந்தேன். ஒரே ஒரு வரி. உனக்கு யாரையாவது பிடித்திருந்தால், அவன் பஹாடியாக, மலைக்காரனாக இருந்தாலும் சரி, நேராக அப்பாவிடம் போகாதே, முதலில் என்னிடம் சொல். அவரை வழிக்குக் கொண்டுவர எனக்குக் கொஞ்சம் நாள் வேண்டும்.

மே மாதம் பள்ளி மூடியதும் நாங்கள் வருவதாக இருக்கிறோம். அப்பா இப்போதே ஆபீஸில் லீவு சொல்லி வைத்துவிட்டார். தினமும் சாயங்காலம் ரிங் ரோடு ஓரமாக நடந்துவிட்டு வருகிறார். மூச்சு வாங்குவதற்கு மருந்தாம். எங்களை எந்த மலைக்கும் கூட்டிப்போக வேண்டாம். உன் அறையில் ஒரு ஸ்டவ் மட்டும் வாங்கி வை. காலையில் நீ அந்தப் பெண்களை அழைத்துக்கொண்டு போ. நான் சோறாக்கி வைக்கிறேன், அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பாதையைப் பார்த்துக்கொண்டிருப்பார். சாயங்காலம் நீ இறங்கி வந்து பசிக்கிறது என்று சொன்னால் போதும்.

அம்மா